மாகாளிக்கிழங்கு: பாட்டிலில் பெருக்கி மலையில் நடுவது வரை

மாகாளி ஊறுகாய் போடும் வீடுகளில் இந்தக் கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோலைச் சீவி, நடு நரம்பை எடுத்துவிட்டு, துண்டு போட்டு மோரில் ஊறவைத்தால் வீடு முழுக்க அந்த வாசனை நிற்கும். நன்னாரி என்ற பெயரில் சந்தையில் விற்கும் வேரிலும் ஒரு பங்கு மாகாளிதான். ஆனால் கடைக்கு வருவதில் பெரும்பகுதி யாரும் பயிரிட்டு எடுத்ததல்ல. கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும், ஆந்திராவின் சேஷாசலம், நல்லமலைப் பகுதிகளிலும், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் பாறை இடுக்குகளைத் தோண்டி எடுத்து வருவது. விற்பனைக்குப் போவது கிழங்கு என்பதால், ஒரு முறை தோண்டினால் பல வருடக் கொடி அதோடு முடிந்துபோகிறது. தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத கொடி இது. தாவரவியல் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி.

இந்தச் செடியை எடுத்துக்காட்டாக வைத்து, அரிய மூலிகை ஒன்றைத் திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத பாட்டிலில் வளர்த்து, பெருக்கி மண்ணுக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். புதிதாக ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர்களையும் மூலிகை நாற்றங்கால் நடத்துபவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மூலிகைக்கும் வேலையின் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

முதலில் ஒரு கேள்வி: இந்தச் செடிக்குத் திசு வளர்ப்பு தேவையா? குச்சி நட்டால் வேர்விடும் செடிக்கும், விதை தாராளமாக முளைக்கும் செடிக்கும் ஆய்வகம் வீண்செலவு. நல்ல நாற்றங்காலே போதும். மாகாளி விஷயத்தில் தண்டுக்குச்சி வேர்விடுவது குறைவு. காய் முற்றும்வரை கொடி காட்டில் தப்பி நிற்பதும் அரிதாகிவிட்டது. அதனால்தான் பாட்டில் வரை போகவேண்டி வருகிறது.

அனுமதியும் தாய்ச்செடியும்

காப்புக்காட்டிலிருந்து ஒரு தளிரைக் கிள்ளுவதாக இருந்தாலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வணிக நோக்கம் இருந்தால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி மாநில பல்லுயிர் வாரியத்திடம் பேசவேண்டும். தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. இந்தத் தாள் வேலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அனுமதி இல்லாமல் எடுத்த செடியை நாளைக்குக் காட்டில் திருப்பி நடவும் முடியாது.

செடி சரியான செடிதானா என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள். ஒரு பூவும் இலையும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, வகைப்பாடு தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நன்னாரியும் மாகாளியும் வேராக வந்தால் குழம்பிப்போகிறவர்கள் நிறைய.

அடுத்து நான் வலியுறுத்திச் சொல்வது, தாய்ச்செடிகளின் எண்ணிக்கை. திசு வளர்ப்பில் கிடைப்பவை நகல்கள். நன்றாக வளரும் ஒரே கொடியிலிருந்து ஆயிரம் கன்று எடுத்தாலும் மரபணுக் கணக்கில் அது ஒரே செடிதான். ஒரு நோய் வந்தால் ஆயிரமும் சேர்ந்து விழும். வாழைத் தோட்டத்துக்கு ஒரேமாதிரிக் கன்று வேண்டும், மலைக்கு அது ஆகாது. குறைந்தது 25, 30 தாய்ச்செடிகள், அதுவும் ஒரே பாறைச் சரிவிலிருந்து இல்லாமல் பல இடங்களிலிருந்து வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, எந்த மலை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த எண் பாட்டிலில், தட்டில், பாலித்தீன் பையில், கடைசியில் நடும் குழி வரைக்கும் கூடவே போகவேண்டும். எண் தொலைந்த பாட்டில், எவ்வளவு பச்சையாக இருந்தாலும், பாதுகாப்பு வேலைக்கு உதவாது.

முற்றிய காய் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். விதையைக் கிருமிநீக்கி ஊடகத்திலேயே (பாட்டிலில் செடிக்கு உணவாக வைக்கும் கூழ்) முளைக்கவைத்தால் சுத்தமான நாற்று கிடைக்கும், ஒவ்வொன்றும் வேறு மரபணு. ஆய்வகத்தில் தொடங்குவதற்கு இதைவிட நல்ல பொருள் இல்லை.

கொடியிலிருந்து எடுப்பதாக இருந்தால், காட்டிலிருந்து நேராக ஆய்வகத்துக்குக் கொண்டுபோகவேண்டாம். அனுமதியோடு எடுத்த சில செடிகளை நிழல்வலைக் குடிலில் தொட்டியில் வைத்து, இலைமேல் தண்ணீர் படாமல் அடியில் மட்டும் ஊற்றி, சில வாரம் வளர்த்தபின் வரும் புதுத்தளிரை எடுங்கள். பூஞ்சைத் தொல்லை பாதி அங்கேயே குறையும். மழைக்காலத் தளிரில் தொற்று அதிகம், வெயில்நாள் தளிர் நல்லது.

ஊடகம்

தாவரத்தின் தனிச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்பமுடியும் என்ற எண்ணத்தை தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1902இல் சொன்னார். சைட்டோகைனின், ஆக்சின் என்ற இரண்டு ஹார்மோன்களின் விகிதத்தை வைத்தே தளிர் வருமா வேர் வருமா என்பது தீர்மானமாகிறது என்று ஸ்கூகும் மில்லரும் 1957இல் காட்டினார்கள். சைட்டோகைனின் கூடினால் தளிர், ஆக்சின் கூடினால் வேர், இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் கேலஸ் என்கிற உருவமற்ற செல்கூட்டம். நீங்கள் செய்யப்போகும் எல்லாச் சோதனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலைக்காக அமைத்த எம்.எஸ். ஊடகம்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் புழங்குகிறது. உப்புகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுக் கலக்கலாம். ஆனால் புதியவர்கள் தயார்த் தூள் வாங்கிக்கொள்வதே நல்லது. லிட்டருக்குச் சுமார் 4.4 கிராம் வரும், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவே கணக்கு. அதோடு சர்க்கரை 30 கிராம், ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் 8 கிராம். சர்க்கரை ஏன் என்றால், பாட்டிலுக்குள் இருக்கும் தளிர் தனக்கு வேண்டிய உணவை முழுதாகத் தயாரித்துக்கொள்ள முடியாது.

தயாரிக்கும்போது முக்கால் பங்கு காய்ச்சிவடித்த நீரில் தூளையும் சர்க்கரையையும் கரையுங்கள். ஹார்மோனைச் சேருங்கள். நீரை முழு அளவுக்கு நிரப்பி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 5.8க்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகுதான் அகார். அகார் போட்டபின் பி.எச். பார்த்துப் பயனில்லை. பி.எச். மிகவும் குறைந்தால் அகார் கெட்டியாகாமல் கூழாக நிற்கும். கொதிக்கவைத்து அகார் கரைந்ததும் பாட்டில்களில் ஊற்றி, மூடி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம். சிறிய அளவுக்குப் பெரிய பிரஷர் குக்கரும் போதும். வெயிட் போட்டு, அழுத்தம் வந்தபின் தீயைக் குறைத்து 20 நிமிடம் வைத்து, தானாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பாட்டிலில் உள்ளது பொங்கி மூடியை நனைத்துவிடும், அந்த ஈரத்தில் பூஞ்சை ஏறும்.

ஹார்மோனைத் தாய்க்கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.பி. என்ற சைட்டோகைனின் 50 மில்லிகிராமைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, நீர்விட்டு 50 மில்லியாக்கினால், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு ஒரு மில்லி விட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஐ.பி.ஏ., என்.ஏ.ஏ. என்ற இரண்டு ஆக்சின்களுக்கும் இதே முறை. ஃப்ரிட்ஜில் வையுங்கள், தேதி எழுதாமல் வைக்காதீர்கள்.

ஊடகம் தயாரானதும் உடனே பயன்படுத்தாமல் மூன்று நான்கு நாள் அலமாரியில் வைத்துப் பாருங்கள். சரியாகக் கிருமிநீக்கம் ஆகாத பாட்டில் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு அரிய செடியின் தளிரை அதில் போட்டபின் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கிருமிநீக்கமும் தொடக்கமும்

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். கிருமி சாகவேண்டும், தளிர் சாகக்கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை ஒவ்வொரு செடிக்கும் நீங்களே கண்டுபிடிக்கவேண்டும்.

பச்சையாகவும் சற்று உறுதியாகவும் உள்ள தண்டில், இலையைக் கிள்ளிவிட்டு, கணு உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் அரைமணி நேரம் விடுங்கள். டீப்பால் என்ற சோப்புத் திரவம் சில சொட்டு விட்ட நீரில் ஐந்து நிமிடம் அலசி, கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி கழுவுங்கள். இதுவரை வெளி மேசையில் செய்யலாம். இனி எல்லாமே, வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் லேமினார் மேசைக்குள். 70 சதவீத ஆல்கஹாலில் 30 நொடி, அதன்பின் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 முதல் 15 நிமிடம். 4 சதவீதக் கரைசல் கிடைத்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து 1 சதவீதத்தில் தொடங்குங்கள். கடைசியாகக் கிருமிநீக்கிய காய்ச்சிவடித்த நீரில் நான்கைந்து முறை அலசல்.

பல ஆய்வகங்களில் மெர்குரிக் குளோரைடு 0.1 சதவீதம் பயன்படுத்துகிறார்கள். கிருமியை நன்றாகக் கொல்லும், உண்மைதான். ஆனால் அது பாதரச விஷம். கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றினால் நிலத்தடி நீருக்குப் போகும். ஒரு மூலிகையைக் காப்பாற்ற மண்ணில் பாதரசம் விடுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. ஹைப்போகுளோரைட் தோற்றால் நேரத்தையும் அடர்த்தியையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் முடியாமல் இதைத் தொட்டால் கையுறையோடு, மேற்பார்வையில், கழிவைத் தனிப் பாட்டிலில் சேர்த்து ஆபத்தான கழிவாக ஒப்படையுங்கள்.

லேமினாரில் ஆல்கஹாலும் தீயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கையில் ஆல்கஹால் தேய்த்தபின் அது முழுதும் காயும்வரை பர்னரைப் பற்றவைக்காதீர்கள். எரியும் தீக்கு அருகில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. இடுக்கியும் பிளேடும் தீயில் காட்டியபின் ஆறட்டும். சூடான இடுக்கியால் பிடித்த தளிர் அங்கேயே வெந்துவிடும், காரணம் தெரியாமல் ஊடகத்தைக் குறைசொல்வோம்.

மாகாளிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இது எருக்கின் குடும்பம், வெட்டினால் பால் வடியும். அந்தப் பாலும் பினால் என்ற வேதிப்பொருள்களும் ஊடகத்தைப் பழுப்பாக்கி, துண்டைத் தன் கழிவிலேயே சாகடிக்கும். அதனால் இருமுனையையும் கடைசியாக வெட்டும்போது கிருமிநீக்கிய நீருக்குள் வைத்து வெட்டுங்கள், பால் நீரிலேயே போகட்டும். நீரில் அஸ்கார்பிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலந்தால் கருப்பது குறையும். வடிதாளில் ஒற்றி எடுத்து, ஒரு சோதனைக்குழாய்க்கு ஒரு துண்டாக நடுங்கள். முதல் சில நாள் இருட்டில் வைத்து, ஊடகம் பழுப்பாகத் தொடங்கினால் உடனே புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். தேவைப்பட்டால் செயலூட்டிய கரி லிட்டருக்கு 1 கிராம். ஆனால் கரி ஹார்மோனையும் சேர்த்து உறிஞ்சும் என்பதை மறக்கக்கூடாது.

வளர்ப்பு அறை 25 டிகிரி, இரண்டு டிகிரி கூடக்குறைய. 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. 2000 முதல் 3000 லக்ஸ் போதும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டைகள் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன.

தினமும் பாருங்கள். துண்டின் அடியில் பால்போல் கலங்கினால் பாக்டீரியா, பஞ்சுபோல் படர்ந்தால் பூஞ்சை. அந்தப் பாட்டிலை எக்காரணம் கொண்டும் அறையில் திறக்கவேண்டாம். மூடியபடி ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்றபின்தான் கழுவவேண்டும். பாட்டிலின் எந்த இடத்தில் தொற்று தொடங்கியது என்பதையும் எழுதிவையுங்கள். துண்டைச் சுற்றித் தொடங்கினால் கிருமிநீக்கம் போதவில்லை. துண்டைத் தொடாமல் ஊடகத்தின் நடுவிலோ ஓரத்திலோ தொடங்கினால் லேமினார் வேலையில், அல்லது மூடியில், குறை.

பெருக்கம்

யாரோ எழுதிய அளவை அப்படியே போட்டு ஆயிரம் பாட்டில் நிரப்பாதீர்கள். உங்கள் மலையின் செடி வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். பி.ஏ.பி. லிட்டருக்கு 0, 0.5, 1, 2, 3 மில்லிகிராம் என்று ஐந்து வகை ஊடகம், ஒவ்வொன்றிலும் 20 குழாய் வைத்து, நான்கு வாரம் கழித்து எண்ணுங்கள். எத்தனை துண்டு தளிர்த்தது, ஒன்றுக்கு எத்தனை தளிர், எவ்வளவு நீளம். ஹார்மோன் இல்லாத பூஜ்ய வகையை விட்டுவிடாதீர்கள், ஒப்பிட அது வேண்டும். நல்ல அளவு தெரிந்தபின் அதோடு என்.ஏ.ஏ. 0.1 மில்லிகிராம் சேர்த்து இன்னொரு சுற்று.

முடிவு எடுக்கும்போது தளிர் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் தவறாகப் போகும். ஹார்மோன் கூடினால் தளிர்கள் குட்டையாகக் கொத்தாக வரும், கண்ணாடிபோல் நீர்கோத்து நிற்கும். அவை வேர்விடாது, மண்ணில் நிற்காது. மூன்று தளிர் வந்தாலும் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இலையோடு இருப்பதே வேண்டும். நீர்கோத்தால் பி.ஏ.பி.யைக் குறையுங்கள், அகாரைச் சற்றுக் கூட்டுங்கள், காற்றுப் போகும் மூடிக்கு மாறுங்கள்.

மாகாளியில் துண்டின் அடியில் கேலஸ் திரள்வதும் இலை உதிர்வதும் அடிக்கடி வரும். மூடிய பாட்டிலில் சேரும் எத்திலீன் வாயுவுக்கு இதில் பங்கு உண்டு. இந்தச் செடியில் நிறைய வேலை செய்த மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், எத்திலீனின் வேலையைத் தடுக்கும் வெள்ளி நைட்ரேட் தளிர்ப் பெருக்கத்துக்கு உதவுவதைக் காட்டியிருக்கிறார்கள். லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவில் சோதித்துப் பார்க்கலாம். அதற்குமுன் காற்றோட்டமுள்ள மூடியை முயலுங்கள், செலவும் குறைவு.

அடியில் திரளும் கேலஸை ஒவ்வொரு முறையும் வெட்டி எறியுங்கள். அதிலிருந்தும் தளிர் எழுப்பலாம், கண்ணுக்குக் கொண்டாட்டமாக நிறையவும் வரலாம். ஆனால் கேலஸ் வழியில் மரபணு மாறுதல் நுழைய வாய்ப்பு அதிகம். பாதுகாப்பு வேலைக்குக் கணுமொட்டு வழியே பாதுகாப்பானது.

நான்கு, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தளிர்களைக் கணுக்கணுவாக வெட்டிப் புது ஊடகத்தில் நடவேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரே துண்டு ஆறு சுற்றில் 729 ஆகும். இந்தக் கணக்கைப் பார்த்து மயங்கி ஒரே வரிசையை வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். எட்டுப் பத்துச் சுற்றுக்குப்பின் தாய்ச்செடியிலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது. எந்தத் தாய் எண் வேகமாகப் பெருகுகிறதோ அது அறையை நிரப்பப் பார்க்கும். மெதுவாக வளரும் எண்களுக்கும் சமமான இடம் ஒதுக்குங்கள்.

வேர்

மூன்று சென்டிமீட்டர் தாண்டிய தளிரை, உப்பைப் பாதியாகக் குறைத்த எம்.எஸ். ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஐ.பி.ஏ. லிட்டருக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்று சோதியுங்கள். மாகாளி இங்கே பிடிவாதம் பிடிக்கும். ஃப்ளோரோகுளூசினால் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பது கைகொடுக்கிறது என்பதும் மைசூருவில் கண்டதே. வேர் நீண்டு சிக்கலாகும்வரை காத்திருக்கவேண்டாம். இரண்டு மூன்று குட்டை வேர் போதும், நீண்டவை மண்ணுக்கு மாற்றும்போது ஒடியும்.

மண்ணுக்கு

இத்தனை மாத உழைப்பும் வீணாகிற இடம் இது. பாட்டிலுக்குள் காற்று முழுக்க ஈரம், சாப்பாடு அடியில் தயார். அதனால் இலைமேல் மெழுகுப்பூச்சு சரியாக வளரவில்லை, இலைத்துளைகளுக்கு மூடும் பழக்கம் இல்லை. வெளியே எடுத்த அரைமணியில் துவண்டுவிடும். தளிர் எண்ணிக்கையைச் சொல்லி வெற்றி என்று அறிக்கை எழுதுகிறவர்கள் நிறைய. நான் கேட்பது, மண்ணில் ஆறு மாதம் கழித்து எத்தனை நிற்கிறது என்றுதான்.

கன்றை எடுத்து வெதுவெதுப்பான நீரில் அகார் முழுதும் போகக் கழுவுங்கள். சர்க்கரை கலந்த அகார் ஒட்டியிருந்தால் பூஞ்சைக்கு விருந்து. கார்பென்டசிம் 0.1 சதவீதக் கரைசலில் முக்கி, ஈரமான தென்னைநார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நடுங்கள். மேலே தெளிவான பாலித்தீன் கூடாரம், அல்லது ஒரு கன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர். முதல் வாரம் முழுதும் மூடி. இரண்டாம் வாரம் காலையில் சிறிது நேரம் திறப்பு. அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, நான்காம் வாரத்தில் முழுதும் எடுத்துவிடலாம். நேர் வெயில் படக்கூடாது. ஈரம் காற்றில் இருக்கவேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. பாட்டிலில் வளர்ந்த இலைகள் உதிர்ந்தால் பயப்படவேண்டாம், நுனியில் புது இலை வந்தால் செடி பிடித்துவிட்டது.

அதன்பின் செம்மண், மணல், மண்புழு உரம் சமபங்கு கலந்த பையில், 50 சதவீத நிழல்வலையில் சில மாதம். கொடி என்பதால் ஒரு குச்சி ஊன்றிவிடுங்கள். கடைசி ஒரு மாதம் நிழலைக் குறைத்து, தண்ணீர் இடைவெளியைக் கூட்டுங்கள். போகப்போகும் இடம் பாறைச் சரிவு, அங்கே தினமும் யாரும் ஊற்றமாட்டார்கள்.

நட்டபின்

நடவு மழை தொடங்கும்போது. எந்த மலையின் தாயோ அந்த மலைக்கே கன்று போகட்டும், கொல்லிமலைக் கன்றைச் சேஷாசலத்தில் நடவேண்டாம். ஒரே குழிக்கூட்டத்தில் பல தாய் எண்களைக் கலந்து நடுங்கள், பின்னாளில் பூக்கும்போது மகரந்தம் மாறட்டும். ஏறுவதற்குப் புதர் அருகில் இருக்கிற இடம், பாறை இடுக்கில் மண் பிடித்திருக்கிற இடம் பாருங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்க அங்கே வாழும் பழங்குடி மக்களை அழைத்துப்போங்கள். பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்களும் சேஷாசலம் பக்கத்தில் யானாதிகளும் இந்தக் கொடியைத் தலைமுறையாக அறிந்தவர்கள். கிழங்கு எடுப்பது அவர்கள் வருமானம் என்பதால், கன்றுகளில் ஒரு பங்கை அவர்களுடைய சொந்த நிலத்தில் நடக் கொடுப்பது காட்டுக் கொடிமேல் கைவைக்கும் தேவையைக் குறைக்கும். விவசாயிகளுக்குப் பெரிய அளவில் விற்கப்போகிறீர்கள் என்றால், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் திசு வளர்ப்புச் செடிச் சான்றிதழ் முறையைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கிழங்கு திரண்டதும் ஒன்றை எடுத்து மணத்தைச் சோதிக்கவேண்டும். அந்த வாசனை 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு என்ற பொருளால் வருவது, வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலினோடு ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டது. காட்டுக் கிழங்கையும் உங்கள் கிழங்கையும் ஒரே ஆய்வகத்தில் ஒன்றாகக் கொடுத்து அளந்தால் மருந்துச்சரக்கு வாங்குபவர்களிடம் காட்ட ஒரு தாள் இருக்கும்.

நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் ஜி.பி.எஸ். குறிப்பு எடுத்து, முதல் கோடை முடிந்ததும் ஒருமுறை, அடுத்த மழைக்குப்பின் ஒருமுறை போய் எண்ணுங்கள். இலையில்லாமல் நிற்கும் கொடியைச் செத்ததென்று உடனே கணக்கில் எழுதிவிடாதீர்கள். மாகாளி வறண்ட மாதங்களில் இலை உதிர்த்துக் கிழங்கில் தங்கியிருக்கும், மழை விழுந்தபின் எடுக்கும் எண்ணிக்கையே சரியானது.